மணி கோத்த கதை



தாராவியில் பல வீடுகளில் பெண்கள் மணி கோக்கிறார்கள். சமையல் வேலை முடிந்ததும் தட்டில் மணியைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள். இந்தத் தொழில் நேற்று வந்தது அல்ல. இதற்கு மிகப் பழைய கதை உண்டு.

மனிதர் மண்பானை செய்வதற்கு முன்பே மணி செய்தார்கள். மொராக்கோ நாட்டில் ஒரு குகையில் ஓட்டையிட்ட சிப்பி மணிகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறக்குறைய 1,42,000 ஆண்டுகள் என்று 2021இல் அறிவித்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதே மகாராஷ்டிரத்தில், ஜல்காவ் மாவட்டத்தில், பாட்ணே என்ற ஊர் இருக்கிறது. அங்கே தீக்கோழி முட்டை ஓட்டில் செய்த மணிகளைத் தோண்டி எடுத்தார்கள். அவை சுமார் 25,000 ஆண்டுகள் பழமையானவை. அந்தக் காலத்தில் இந்த நாட்டிலும் தீக்கோழி இருந்தது.

பிறகு சிந்துவெளி மக்கள் வந்தார்கள். அவர்கள் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் நீளமான மணி செய்தார்கள். இது மிகவும் கடினமான கல். வில்லில் கயிறு சுற்றி, கல் முனை வைத்த துரப்பணத்தைச் சுழற்றித் துளை போட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதேபோலச் செய்து பார்த்தார்கள். ஒரு மணி நேரம் துளைத்தால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இறங்கியது! ஒரு நீள மணிக்குத் துளை போட மட்டும் பல நாள் ஆகும். இந்த மணிகள் கடல் கடந்து இராக் நாடு வரை போயின. அங்கே ஒரு நகரத்தின் பெயரே ‘ஊர்’. அங்குள்ள அரச குடும்பத்தாரின் கல்லறைகளில் இவை கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 4,500 ஆண்டுகள்.

தமிழ்நாடும் பின்தங்கி இருக்கவில்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே அகழாய்வு நடந்தது. பளிங்கு, நீலக்கல், பச்சைக்கல் ஆகியவற்றில் மணி செய்த பட்டறைகள் தெரிய வந்தன. பாதி செய்த மணியும் உடைந்த மணியும் அங்கேயே கிடந்தன. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இந்த ஊர் நகைக்குப் பேர் போனது என்று பதிற்றுப்பத்தும் சொல்கிறது.

புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியை மெல்லிய குழாய்போல நீளமாக இழுத்தார்கள். அதைப் பொடிப் பொடியாக நறுக்கினார்கள். பிறகு சூடுபடுத்தி முனையை மழுக்கினார்கள். துளை தானாகவே அமைந்துவிட்டது. அதனால் மணி மலிவானது. ஏழைகளும் அணிந்தார்கள். இந்த வகை மணிகள் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா வரை கிடைத்துள்ளன.

இத்தனை மணிகளையும் செய்தவர் யார்? ஒருவர் பெயரும் தெரியாது. அணிந்தவருக்குக் கல்லறை இருக்கிறது. செய்தவருக்கு உடைந்த கல்தான் மிச்சம்.

குஜராத்தில் காம்பாத் நகரில் கல் மணித் தொழில் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. கல்லைத் தேய்க்கும்போது நுண்ணிய தூசி பறக்கும். அது நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் நோய் வரும். இந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் தடுக்க முடியும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி குறையும். தூசியை உறிஞ்சும் கருவியும் உண்டு. அதற்குச் செலவாகும். அந்தச் செலவைச் செய்யாத இடத்தில் தொழிலாளி உயிரைக் கொடுக்கிறார்.

வீட்டில் மணி கோப்பவருக்குத் தூசி இல்லை. கண் வலியும் முதுகு வலியும் உண்டு. கூலி எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டஜன் மாலைக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோக்க 4 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் ஒரு மணி நேர உழைப்புக்கு 5 ரூபாய்தான்! மால் கொடுப்பவர் டஜன் கணக்கைத்தான் சொல்வார். நேரக் கணக்கைச் சொல்ல மாட்டார். அதைக் கோப்பவர்தான் போட வேண்டும்.

எழுத்தும் எண்ணும் கற்றது இதற்கும்தான். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். தேதி, எத்தனை டஜன், எத்தனை மணி நேரம், வாங்கிய பணம் என்று எழுதுங்கள். உங்கள் பெயரையும் மேலே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டு நோட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கூலியைப் பற்றி நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.