முற்றத்துப் பறவைகளும் எமது சிறு பெட்டியும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கணினித்துறை பற்றிப் பேசும்படி எம்மைக் கேட்டார்கள். அது பெரிய விடயம். நாம் ஒரு சிறிய பெட்டியைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறோம். நாம் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இன்று ஒருவர் யாழ்ப்பாணத்திலும், ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் மெல்பேர்ணிலும் வாழ்கிறோம். வளவில் கத்தும் பறவை எதுவென்று, பறவைகளை அதிகம் அறியாதவர்களுக்கு இனங்காட்டும் பெட்டியொன்றை ஓய்வு நேரத்தில் செய்துவருகிறோம். அதைச் செய்யும்போது நாம் விட்ட பிழைகளையே இன்று சொல்லப்போகிறோம்.

எம்மில் ஒருவரின் அம்மா ஊரில் பெரிய வளவொன்றில் தனியே இருக்கிறார். தொலைபேசியில் அடிக்கடி, "இண்டைக்கு ஒரு குருவி வித்தியாசமாக் கத்திச்சுது பிள்ளை, என்னவெண்டு தெரியேல்லை" என்பார். எமக்கும் தெரியாது. அப்படித்தான் வேலை தொடங்கியது.

அடிப்படையை நாம் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் கோர்ணெல் பறவையியல் ஆய்வகமும் ஜேர்மனியின் கெம்னிற்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'பேர்ட்நெற்' என்ற மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. அது ஒலியை 3 செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு படமாக மாற்றுகிறது. படத்தில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாகச் சுருதி உயரும். தான் பழகிய ஆயிரக்கணக்கான பறவைக் குரல்களில் அது எதற்கு நெருங்கியது என்று 0 இற்கும் 1 இற்கும் இடையில் ஓர் எண்ணைத் தரும். உள்ளங்கை அளவான றாஸ்பெரி பை கணினியும் ஓர் ஒலிவாங்கியும் இதற்குப் போதும். பெட்டியைத் தாழ்வாரத்தில் பொருத்தி, குசினியில் ஒரு சிறு திரையை வைத்தோம்.

முதல் நாளே சிரிப்புக்கிடமானது. எந்த இடம், ஆண்டின் எந்த வாரம் என்பதைக் கொண்டே, அங்கே இருக்கக்கூடிய பறவைகளை மென்பொருள் தெரிவுசெய்யும். பெட்டியைப் பூட்டியவர் இடத்தை மெல்பேர்ண் என்றே விட்டுவிட்டார். ஆகவே அம்மாவின் முற்றத்தில் அவுஸ்திரேலியப் பறவைகள் கத்தத் தொடங்கின! அதைத் திருத்த ஒரு நிமிடமே சென்றது. மற்றப் பிழைகள் அப்படியல்ல.

இரண்டாவது பிழை, பெயர். திரையில் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. எமது பெயர்களோ பறவையை எப்படி அறிவது என்பதையும் சேர்த்தே சொல்பவை. இலையைத் தைத்துக் கூடு கட்டுவது தையற்சிட்டு. வால் இரண்டாகப் பிரிந்தது இரட்டைவால் குருவி. ஐப்பசி அளவில் இந்தியாவிலிருந்து வந்து, விடியலிலும் மைமலிலும் குரல் கொடுப்பது ஆறுமணிக் குருவி. எத்தனை மணிக்குக் காதைக் கொடுக்க வேண்டும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. பட்டியலைத் தமிழில் எழுதினோம். நூலில் உள்ள 'தவிட்டுக் குருவி'யைக் கண்ட அம்மா, "இதென்ன பேர்? இது புலுனியெல்லோ!" என்றார். புலுனி என்றே மாற்றினோம்.

மூன்றாவது பிழை, ஐயமில்லாமற் சொன்னது. பெட்டி 0.7 என்று காட்டினால் நூற்றுக்கு எழுபது சரியென்று பொருளல்ல. அது அந்த மென்பொருள் தன் முடிவில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை மட்டுமே காட்டும். அடுத்த வீட்டுச் சிறுவன் வேலியடியில் நின்று கூவ, பெட்டி குயில் என்று பதிந்தது. அவன் பத்து நாளில் நாற்பது குயிலானான். இப்போது எண்ணைக் காட்டுவதில்லை. "குயில் போலிருக்கிறது, பார்த்தீர்களா?" என்று கேட்கிறோம்.

அந்தக் கேள்வி தேவையென்பதை அம்மாதான் காட்டினார். சில வாரங்களில் அவர் முற்றத்துக்குப் போவதையே குறைத்துவிட்டார். கேட்டால், "பெட்டி சொல்லுதுதானே" என்றார். பறவையைக் காட்டச் செய்த கருவி, பறவையைப் பார்க்காமற் செய்துவிட்டது. கோர்ணெலின் 'மேர்லின்' செயலி 2014இல் வந்தபோது குரலைக் கேட்டுப் பதில் சொல்லவில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு பெரிது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்ற ஐந்து கேள்விகளையே கேட்டது. குரலை இனங்காணும் வசதி 2021இலேயே வந்தது. எமது விஞ்ஞான ஆசிரியையும் அப்படித்தான். விடையை உடனே சொல்லமாட்டார், மரத்தடிக்கு அனுப்புவார். பெட்டியையும் அவ்வாறே மாற்றினோம். குரல் கேட்டதும் சிறு விளக்கொன்று எரியும். அம்மா போய்ப் பார்த்து வந்து பொத்தானை அழுத்தினால்தான் பெயர் வரும். கூவுவது கறுத்த ஆண் குயில், மாமரத்தில் இருந்த புள்ளிபோட்ட மண்ணிறப் பறவை அதன் பெண் என்பதை அவர் அறிந்தது இப்படியே. பெட்டி அதன் குரலை மட்டுமே கேட்டது.

கடைசிப் பிழையைச் சொல்ல எமக்கு வெட்கம். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "உந்தப் பெட்டி நாங்கள் கதைக்கிறதையும் கேக்குமோ?" என்று கேட்டார். எமது மண்ணில் அது சின்னக் கேள்வியல்ல. சரிபார்ப்பதற்காக ஒலிகளைச் சேமித்து வைத்திருந்தோம். போட்டுப் பார்த்தபோது புலுனிகளின் சத்தத்தினிடையே, அவரும் அம்மாவும் வேலியடியில் மனம்விட்டுக் கதைத்தவையும் இருந்தன. அவர் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் அழித்தோம். அதன் பின்னும் அவர் வேலியடிக்கு வர ஒரு மாதம் சென்றது.

இப்போது மனிதக் குரல் கலந்த துண்டைப் பெட்டி ஆராயாமலே விட்டுவிடும். மற்றவையும் ஆராய்ந்தவுடன் அழிந்துவிடும். ஒலி எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகாது. நிறுத்தும் ஆளி அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்குப் பறவைப் பட்டியல் போவதும் அம்மா அனுப்பினால் மட்டுமே. தாயை நேசிப்பதும் தாயை வேவு பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் பெட்டி செய்துதான் கற்றோம்.

கடந்த ஐப்பசியில் ஒரு மைமல் பொழுது. "ஆறுமணிக் குருவியாக இருக்கலாம், நிலத்தில், சருகுக்குள் பாருங்கள்" என்று பெட்டி எழுதியது. மறுநாள் விடியற்காலை அம்மா குசினி வாசலில் காத்து நின்றார். மாமரத்தடியில், கட்டை வாலும் பல நிறமுமாக, அது சருகு புரட்டிக்கொண்டிருந்தது. உடனே ரொறன்ரோவுக்கு அழைத்தார். "பெட்டி கேட்டது. நான் கண்டன்" என்றார்.

சகோதரிகளே, இந்நூற்றாண்டில் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் அம்மம்மாவின் வாயில் வழங்கிய பறவைப் பெயர்களை எழுதி, சங்கத்திடம் தாருங்கள். மன்னாரில் ஒரு பெயர், மட்டக்களப்பில் ஒரு பெயர், மலையகத்தில் இன்னொரு பெயர் இருக்கும். எல்லாவற்றையும் பெட்டியில் சேர்ப்போம். பிழை கண்டால் திருத்துங்கள், எமக்குப் பழக்கமாகிவிட்டது.