லோரி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது?



தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு லோரி புதிய பொருளன்று. பால் ஏற்றிய காலத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் இந்நாள் வரை, நம் உழைப்பை வெளியே கொண்டு போவது லோரிதான். முன்பெல்லாம் நம் பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போனதும் அதன் பின்புறத்தில் ஏறித்தான். இன்று நம் வீட்டு இளைஞர்கள் பலர் லோரி ஓட்டுகிறார்கள். இன்னும் சிலர் பினாங்குக்கு வந்து, சுங்கை பினாங் ஆற்றை அடுத்த பகுதிகளில் பட்டறைத் தொழில் பழகுகிறார்கள். ஆகவே, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசுவோம்.

நோய் இதுதான். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. காலை எடுத்தால் இழுப்பு நின்றுவிடுகிறது. அல்லது மறுபக்கம் திரும்புகிறது. செம்மண் பாதையில் மெதுவாகப் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிப்பது எப்போது? முன்னால் போகும் வண்டியை முந்தும்போதும், நெடுஞ்சாலைக்குள் நுழையும்போதும் அல்லவா? 1985-ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, பெருநிலத்துத் தோட்டங்களின் வண்டிகள் பாலத்தின் வழியாகவும் தீவுக்கு வரலாயின. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் ஓடும் அத்தகைய சாலையில், மிதித்த நொடியில் வண்டி ஒரு முழம் விலகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இழுப்பு என்றதும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் சக்கரத்தை நேராக்கும் ‘அலைன்மெண்ட்’ வேலைக்குக் காசு கொடுக்கிறார்கள். சரியாகவில்லை என்றால் இரண்டு புதிய டயர் போடுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றச் சொல்கிறார்கள். மூன்று வேலையும் முடிந்து, பணமும் கரைந்த பின் வண்டி முன்போலவே இழுக்கிறது. காரணம் என்னவென்றால், ‘எங்கே கோளாறு?’ என்று கேட்டோமே தவிர, ‘எப்போது இழுக்கிறது?’ என்று கேட்கவில்லை. வைத்தியர் காய்ச்சல்காரரிடம், காய்ச்சல் காலையிலா, மாலையிலா, குளிரோடு வருகிறதா என்று கேட்பதில்லையா? வண்டிக்கும் அதே முறைதான்.

எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், டயரையும் அலைன்மெண்ட்டையும் பாருங்கள். ஒரு டயரில் 30 ராத்தல் காற்றும் மற்றதில் 24 ராத்தல் காற்றும் இருந்தால், காற்றுக் குறைந்த பக்கம் வண்டி சாயும். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில்தான். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காகச் சாலையும் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கிறது. ஆகையால் இடப்பக்கம் சற்றே சாய்வது இயல்பு.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், பிரேக்கைப் பாருங்கள். பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாலும் இழுப்பு உண்டு. அப்போது சிறிது தூரம் ஓடியதும் அந்தச் சக்கரம் மட்டும் மிகவும் சூடேறும்; கருகிய வாடையும் வரும்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பக்கம், காலை எடுத்தால் மறுபக்கம் என்று இழுத்தால், பெரும்பாலும் வண்டியின் அடியில் ஏதோ ஒன்று இடம் பெயர்கிறது என்று பொருள். இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மாட்டு வண்டியின் அச்சு ஒரு பக்கம் கட்டு தளர்ந்து முன்னே நகர்ந்தால் வண்டி நேராகப் போகுமா? லோரியிலும் அப்படித்தான். பின் ஆக்சில்தான் வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைச் சட்டத்திற்குக் கொண்டு சேர்ப்பவை, பட்டை ஸ்பிரிங்கும் அதன் போல்ட்டுகளும். சுருள் ஸ்பிரிங் வண்டியாக இருந்தால் நீண்ட இரும்புக் கைகளும் அவற்றின் முனையிலுள்ள ரப்பர் புஷ்களும். இடப்பக்கத்துப் புஷ் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிதித்தவுடன் ஆக்சிலின் இடமுனை முன்னே நகர்கிறது. பின் சக்கரங்கள் இரண்டும் வலப்பக்கம் பார்க்கின்றன. வண்டியின் பின்பாகம் வலப்பக்கம் போக, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. காலை எடுத்தால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. ஆக்சில் பின்னே வருகிறது. மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. ஓட்டுநரின் கையில் ஸ்டியரிங் இழுப்பதுபோல் தெரிந்தாலும், நோய் இருப்பது பின்னால்!

1948-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த லேண்ட் ரோவர், நம் நாட்டுத் தோட்டங்களில் நெடுங்காலம் ஓடிய வண்டி. பழைய லேண்ட் ரோவர்களுக்குப் பட்டை ஸ்பிரிங். 1979-இல் வந்த நான்கு சக்கர இயக்க டொயோட்டா ஹைலக்ஸுக்கும் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். இவற்றில் ஸ்பிரிங்கை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ வடிவ போல்ட் தளர்கிறதா, பட்டைகளை ஊடுருவி நிற்கும் நடு போல்ட் முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு உராய்ந்து பளபளக்கும் தடமோ, செந்தூள் போன்ற துருவோ இருந்தால் அங்கே அசைவு உண்டு. 1983-இல் வந்த சுருள் ஸ்பிரிங் லேண்ட் ரோவரில், பின் ஆக்சிலைப் பிடிக்கும் கைகளின் புஷ் தேய்ந்தால் நாம் சொன்ன இழுப்பு அப்படியே வரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வண்டியைச் சமதரையில், சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை ஒரு கயிற்றைப் பிடித்து அளவெடுங்கள். அதே கயிற்றை மறுபக்கம் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அளவு வேறுபட்டால் ஆக்சில் இடம் பெயர்ந்திருக்கிறது. அளவு ஒத்திருந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. சில புஷ்கள் வண்டி நிற்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். இயந்திரத்தை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, புஷ்ஷின் அருகே கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் அது உண்மையைச் சொல்லிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம்.

நான்கு சக்கர இயக்கத்தைப் போடவும் எடுக்கவும் வசதியுள்ள வண்டியாக இருந்தால் இன்னொரு குறிப்பும் கிடைக்கும். நேரான செம்மண் பாதையில், இரண்டு சக்கர இயக்கத்திலும் நான்கு சக்கர இயக்கத்திலும் மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் இழுத்தால் முதலில் பின்புறத்தைப் பாருங்கள். நான்கில் மட்டும் இழுத்தால் முன் ஆக்சிலைப் பாருங்கள். இதைத் தார்ச் சாலையில் செய்யக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருளுகின்றன. மண்ணில் டயர் சறுக்கி அதைச் சரிக்கட்டிவிடும்; காய்ந்த தாரில் சறுக்க இடமில்லை. ஸ்டியரிங் கனக்கும், கியர் நெம்புகோல் வெளியே வர மறுக்கும். தோட்டத்துப் பாதையை விட்டுத் தார்ச் சாலையில் ஏறுமுன் நெம்புகோலை மாற்ற மறந்ததாலேயே ‘வண்டி இழுக்கிறது’ என்று பட்டறைக்கு வருவோரும் உண்டு. சில அடி தூரம் நேராகப் பின்னோக்கி ஓட்டினால் அந்த இறுக்கம் தளரும்.

புஷ்ஷைப் பற்றி நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். அது ரப்பர். பால்மரத்தில் நாம் வெட்டி எடுக்கும் ரப்பர், ஓயாத அசைவைத் தாங்கி நெடுநாள் உழைப்பதால், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்கிறது. 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலத்தையும், நிலநடுக்கத்தைத் தாங்கும்படி, ரப்பர் தாங்கிகள் மேல்தான் அமர்த்தியிருக்கிறார்கள். ஆனால் ரப்பருக்கு ஒரு பகை உண்டு, அது எண்ணெய். டீசலோ கியர் எண்ணெயோ ஒழுகி மேலே பட்டால் புஷ் ஊதி, மிருதுவாகி, கிழிந்துபோகும். ஆகவே புதிய புஷ் போடுமுன் ஒழுக்கை நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்குங்கள். தூக்கி நிறுத்தியபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கேறி விரைவில் கெடும்.

ஓட்டுநர்களே, பட்டறைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் நான்கு செய்தி எழுதிக்கொள்ளுங்கள்: மிதிக்கும்போதா, விடும்போதா, பிரேக்கிலா, எந்தப் பக்கம், பாரத்தோடா, பாரமில்லாமலா, மண்ணிலா, தாரிலா. அந்தக் காகிதம் பாதி வைத்தியம். தாய்மார்களே, ‘கொஞ்சம் இழுக்கிறது, ஓட்டிப் பழகிவிட்டது’ என்று உங்கள் மகனோ கணவரோ சொன்னால், அதை விளையாட்டாக விட்டுவிடாதீர்கள். கை பழகிவிடுவதால் போல்ட் இறுகிவிடாது. அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.