உத்தியோகம் விடுத்து ஆலோசகராதல்

(நம் சங்கத்தின் திருவள்ளூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெருங் கம்பெனிகளில் பத்துப் பதினைந்தாண்டு ஊழியம் புரிந்த நம் வாலிபர் சிலர், அதனை விடுத்து நிருவாக ஆலோசகர் என்னும் தொழிலிற் புக விழைகின்றனர். அவர்தம் பெற்றோர் கலங்குகின்றனர். இதுபற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். கும்மிடிப்பூண்டி உலைகளில் உழைப்போர் மக்களுக்கே யான் பாடஞ் சொல்லுகின்றேன். ஆலைச் செய்தி செவியில் விழாத நாள் எனக்கு இல்லை.

நிருவாக ஆலோசகராவார் யாவர்? பிறர் நடத்தும் தொழிலினுட் சென்று, நட்டம் எங்கே ஒழுகுகின்றது, வேலை எங்கே தேங்குகின்றது என ஆராய்ந்து, வழி கூறி ஊதியம் பெறுவோர். இத்தொழிலின் முன்னோருள் ஒருவராகிய அமெரிக்கர் பிரெடரிக் டெய்லர், 1878-இல் மிட்வேல் உருக்காலையிற் கூலியாளாகப் புகுந்து தலைமைப் பொறியாளராக உயர்ந்து, 1893-இல் தனித்து ஆலோசகராக அமர்ந்தவர்.

நம்மவருள் ஒருவரைக் காண்போம். கோயம்புத்தூரிற் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிற் பௌதிகம் கற்ற சி. கே. பிரகலாத், தம் 19-ஆம் வயதில் யூனியன் கார்பைடு கம்பெனியின் சென்னை பாட்டரித் தொழிற்சாலையிற் சேர்ந்து நான்காண்டு பணி புரிந்தார். அந்நான்காண்டே தம் வாழ்வின் பெருந் திருப்பம் என்று பிற்காலத்துக் கூறினார். வேலையை விட்டவர் மறுநாளே ஆலோசகப் பலகையைத் தொங்கவிட்டாரில்லை. ஆமதாபாத் நிருவாகக் கழகத்திற் பயின்று 1966-இல் தேறினார். 1975-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் இருந்துகொண்டே பல தேசத்துக் கம்பெனிகளுக்கு ஆலோசனை நல்கினார். 1990-இல் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனி பெருநட்டத்தில் தள்ளாடியபொழுது, அதன் மீட்சிக்கு வழி காட்டியவருள் அவரும் ஒருவர். இத்துணைப் புகழ் வாய்ந்த அவரே 'பிரஜா' என்னும் கம்பெனியைப் பிறருடன் கூடித் தொடங்கியபோது, ஆட்களுள் மூன்றிலொரு பங்கினரை விலக்க நேர்ந்தது. 2002-இல் அது டிப்கோ கம்பெனிக்கு விற்கப்பட்டது. வழி சொல்லுதல் வேறு, வண்டி ஓட்டுதல் வேறு. இதனை இழிவாகக் கூறுகின்றேனல்லேன். இரண்டும் ஒன்றென எண்ணி மயங்குவோர் பலராதலின் கூறினேன்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை மின்னுலையில் உருக்கி முறுக்குக் கம்பி இழுக்கும் ஆலைகள் பல. உருக்கிலிருந்து வார்த்த பில்லட்டைக் களத்தில் ஆறவிட்டுப் பின்னர்ச் சூளையில் மீண்டும் காய்ச்சி உருட்டினால், எரிபொருட் செலவு கூடும். சூடு ஆறுமுன் நேரே உருட்டுமிடத்துக்கு அனுப்பினால் அச்செலவு பெரிதும் மிஞ்சும். ஆயின் உலையும் உருட்டுப் பொறியும் ஒரே தாளத்தில் ஓடல் வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் தடுமாறும். பெரிய கம்பெனியின் குளிரறையில் இருந்து கணக்குத் தாள் மாத்திரம் கண்டவர்க்குக் களத்தில் ஆறிக் கிடக்கும் பில்லட் கண்ணிற் படாது. உலையருகே நின்றவர்க்கே படும்.

கண்ணிற் பட்டாலும் போதாது. மானேஜராயிருந்தபோது அவர் கட்டளையிட்டார், ஆட்கள் செய்தனர். ஆலோசகர்க்குக் கட்டளையிடும் உரிமை இல்லை. ஒரிசாவினின்றும் பீகாரினின்றும் வந்த தொழிலாளரைக் கொண்டு வேலை வாங்கும் மேஸ்திரி தலையசைத்தாலன்றி அவ்வாலோசனை ஓரடியும் நடவாது. கம்பெனிப் பெயரைத் தம் பெயரெனக் கொண்டிருந்தவர்க்கு இதுவே பெரிய அதிர்ச்சி. சென்ற இடமெல்லாம் கிடைத்த நாற்காலி, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்றே போய்விடும்.

தாய்மார்கள் கேட்க வேண்டுவது பணத்தைப் பற்றி. முதற் றேதிச் சம்பளமும், கம்பெனி செலுத்திய சேமநிதிப் பங்கும், மருத்துவக் காப்பும் நின்றுபோம். சிறுதொழிலாகப் பதிவு செய்துகொண்டவர்க்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தரல் வேண்டும். தவறினால் பாங்கு வட்டியின் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. சட்டம் நன்று. முதல் வாடிக்கைக்காரர் மீதே பிராது கொடுக்கும் துணிவு எவர்க்கு உண்டு? ஆதலின் ஓராண்டுக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே விலகுக. வீட்டுக் கடன் தீராதார் சிறிது பொறுக்க.

விலகியபின் அத்தொழிலே செய்யலாகாது என்று பழைய கம்பெனி எழுதி வாங்கியிருக்கின்றதே என அஞ்சுவோர் உளர். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாததாக்குகின்றது. ஆனால் அக்கம்பெனியின் வரைபடத்தையும் விலைக் குறிப்பையும் எடுத்துப்போக அப்பிரிவு இடங்கொடுக்கவில்லை. பழைய வீட்டின் இரகசியத்தை விற்பவரைப் புது வீட்டாரும் நம்பார்.

இறுதியாக, ஆலை உடைய அன்பர்களுக்கு ஒன்று. ஆலோசகர்க்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்காதீர்கள். 2023-இல் மத்திய சர்க்கார் புதுக்கிய 'லீன்' திட்டத்தில், ஆலோசனைச் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைச் சர்க்காரே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. அதன் விதிகளைத் தமிழில் எழுதிக் கொணர்ந்திருக்கின்றேன். வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசி அவர்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.