பழைய பதிவும் புதிய அட்டவணையும்

கொச்சியை அடுத்த கும்பளங்கியில் சீனவலை இழுக்கும் மீனவர் ஒருவர் கடன் பெற்றிருப்பதாகக் கொள்வோம். அவர் கணக்கு, வணிகத்திற்கென 1959-இல் வகுக்கப்பட்ட கோபோல் என்னும் கணினி மொழியில் அமைந்த கோப்பில் இருக்கிறது. (கோபால் என மயங்க வேண்டா!) பெயர், நிலுவை, பன்னிரண்டு தவணைகள், யாவும் ஒரே நீண்ட பதிவு. இதனை, 1970-இல் காட் என்னும் அறிஞர் விளக்கிய தொடர்புமுறை அட்டவணைகளுக்கு மாற்ற வேண்டும்.

தவணைகளைப் பன்னிரண்டு பத்திகளாக்குவோர் உளர். நாம் அதனை விரும்போம். பதின்மூன்றாம் தவணை வந்தால் அட்டவணையையே பிரித்துக் கட்ட நேரும். தவணைக்குத் தனி அட்டவணை அமைத்துக் கணக்கு எண்ணால் இணைப்பதே முறை.

ஆயினும் இடர் மிகுந்த இடம் வேறு. கோபோல் வரையறையில் 'வி' என்னும் எழுத்து தசமப் புள்ளியின் இடத்தைக் குறிக்கும். பதிவிலோ புள்ளியே இராது. 12,500 ரூபாய் 50 பைசா என்பது 1250050 என்றே கிடக்கும். வரையறையைப் பாராது எண்களை மட்டும் அள்ளிச் சென்றால், மீனவர் தலையில் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க் கடன் ஏறிவிடும். ஆதலின் நிலுவைப் பத்தியை இரு தசம இடங்களுடன் அமைத்து, இரு பக்கத்து மொத்தங்களையும் பைசா வரை ஒப்பிட்ட பின்னரே பழைய கோப்பை மூடுகிறோம்.