மழைக்காலம் இல்லாத ஆய்வேடுகள்

கடல் அறிவியல் முதுநிலை மாணவர்கள் நிறைந்த அரங்கு இது. வாழ்த்துரையைச் சுருக்கிக்கொண்டு, பல ஆண்டுகளாக என்னை உறுத்தும் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

நம் மாணவர்கள் பெரும்பாலும் கடைசிப் பருவத்தில்தான் ஆய்வேடு செய்கிறார்கள். ஜனவரியில் படகேறி, ஏப்ரலில் எழுதி முடிக்கிறார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த கடலில் ஆயிரத்துக்கு 35 பங்கு அளவில் இருக்கும் உப்பு, ஆற்று வெள்ளம் இறங்கும் நாட்களில் அங்கே சட்டென்று சரிந்துவிடும். உப்போடு மிதவை உயிர்களும் மாறும். மாணவர் வலை போடும்போது வெள்ளம் வடிந்து, உப்பு ஏறத் தொடங்கியிருக்கும். ஆண்டுக்கு ஆண்டு இதே மாதங்கள். ஆய்வேடுகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன, மழைக்கால முகத்துவாரம் மட்டும் அவற்றில் இல்லை.

முதன்முதலில் நான் படகின் விளிம்பில் குனிந்து, நீரின் தெளிவை அளக்க, கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டைத் தண்ணீருக்குள் இறக்கிய காலை இன்னும் நினைவிருக்கிறது. தட்டு பச்சையாகி, மங்கி, மறைந்தது. கயிற்றின் முடிச்சை எண்ணிக் குறித்துக்கொண்டேன். படகோட்டி ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னைக்குத் தண்ணி தம்பி. நாளைக்கு நீவாடு திரும்பினா வேற தண்ணி" என்றார். நீரோட்டத்தை நீவாடு என்று சொல்லி, அதன் போக்குப் பார்த்து வலை விடுகிறவர் அவர். மாதிரி எடுப்பதைப் பற்றி அதைவிடச் சரியான பாடத்தை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

மாறும் தண்ணீரை விடாமல் எண்ணியவர்களும் உண்டு. 1931 முதல் வட கடலில் சரக்குக் கப்பல்களின் பின்னால் ஒரு பெட்டி இழுபட்டு வருகிறது. ஆலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த கருவி. உள்ளே சுருளும் பட்டுத்துணியில் மிதவை உயிர்கள் படியும். குளிர்நீர்க் கோப்பிபாடுகள் குறைந்து, வெப்பநீர் இனம் அவற்றின் இடத்தைப் பிடித்ததை அந்தத் துணிகள்தான் காட்டின. ஒரு மாணவரின் நான்கு மாத வேலையில் அது தெரிந்திருக்காது. தலைமுறை தலைமுறையாக ஒரே முறையில் எண்ணியதால் தெரிந்தது.

நம்மிடம் எண்ணிக்கைக்குக் குறைவில்லை, கோவைதான் இல்லை. நான் பிறகு பணியாற்றிய ஒரு கல்லூரியில், மாணவர்கள் எழுதிய பதினோரு ஆண்டுக் குறிப்பேடுகளைக் கரையான் அரித்திருந்தது. தொட்டதும் உதிர்ந்த அந்தத் தாள்களில் எத்தனை விடியற்காலைகள்! அன்றைக்கு நான் அழுதேன்.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டுக்கு ஊர் ஊராக இடம் தேடாமல், ஒவ்வொரு துறையும் ஓர் இடத்தை நிலையாக வைத்துக்கொள்ளட்டும். முதலாமாண்டு மாணவர்கள் அக்டோபரிலேயே அங்கே இறங்கட்டும். அவர்கள் விட்ட இடத்தில் அடுத்த அணி தொடரட்டும். உப்பு, வெப்பம், தெளிவு, மிதவை உயிர், அன்றைய நீவாடு – இவற்றுக்கு ஒரே படிவம் வேண்டும். அதன் வரைவை உங்கள் கோப்பில் வைத்திருக்கிறேன். மதிய அமர்வில் திருத்தித் தாருங்கள். முதல் கட்டுரையாளரை இப்போது மேடைக்கு அழைக்கிறேன்.