குருவிக் கணக்கும் நம்ம கணக்குத்தான்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குருவி எண்ணுவது சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நாம் குடிக்கும் பீலித் தண்ணீர், நாம் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்துதான் வருகிறது. அங்கே புல்லுக்கு அடிக்கும் மருந்தை மழை கழுவினால் அது ஓடைக்குத்தான் வரும். ஓடையில் பூச்சி அழிந்தால் அதைத் தின்னும் குருவிக்கு இரை இல்லை. குருவி குறைவது, தண்ணீரைக் கவனியுங்கள் என்ற எச்சரிக்கையாக இருக்கலாம்.

ஓடைக் கரையில் வாலை ஆட்டி நடக்கும் மஞ்சள் வயிற்று வாலாட்டியைப் பார்த்திருப்பீர்கள். வடக்கே குளிர் தொடங்கும்போது வந்து, சித்திரை வாக்கில் திரும்பும். காஷ்மீர்ப் பக்கம் குஞ்சு பொரிக்கும் ஈப்பிடிப்பான் ஒன்றும் குளிர்காலத்தில் நம் மலைநாட்டுக்கு வருகிறது. உலகிலேயே அருகி வரும் அந்தச் சின்னக் குருவியைப் பார்க்க வெளிநாட்டார் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வருகிறார்கள். தினமும் மலையில் நிற்கும் நம்மைவிட அதிகம் பார்க்கக்கூடியவர் யார்?

செய்முறை எளிது. மாதம் ஒரு ஞாயிறு, ஒரே இடம், ஒரே நேரம், 15 நிமிடம். எந்தக் குருவி, எத்தனை என்று கொப்பியில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் சத்தத்தையும் எழுதுங்கள். ஊகித்து எழுத வேண்டாம். ஒன்றும் வராவிட்டால் "இல்லை" என்று எழுதுங்கள், அதுவும் கணக்குத்தான். கூட்டைத் தொடாதீர்கள். மருந்து அடித்த மலைக்குள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

1998இல் அமெரிக்காவில் தொடங்கிய பெப்ரவரிக் குருவிக் கணக்கெடுப்பில் இன்று உலகெங்கும் சாதாரண மக்கள் சேருகிறார்கள். அங்கேயும் 15 நிமிடம் போதும். போன் உள்ள பிள்ளைகள் 'ஈபேர்ட்' செயலியில் இலவசமாகப் பதியலாம்.

ஒரு மாதம் குருவி குறைந்தால் மருந்துதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மழை, மரம் வெட்டு என்று பல காரணம் உண்டு. அதனால்தான் மருந்து அடித்த நாளையும் பக்கத்தில் குறிக்கச் சொல்கிறேன். கொழுந்துக் கிலோவை நாமும் குறித்து வைத்தால்தான் செக்ரோலில் குறைந்ததைக் கேட்க முடிகிறது. இதுவும் அப்படித்தான். இரண்டு வருடக் கொப்பி கையில் இருந்தால், "ஓடைத் தண்ணீரைப் பரிசோதியுங்கள்" என்று நிர்வாகத்திடம் ஆதாரத்தோடு கேட்கலாம்.

ஒவ்வொரு டிவிசனிலும் மூன்று பேர் முன்வாருங்கள்: கொழுந்து எடுக்கும் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒன்று, பழைய காலம் தெரிந்த பெரியவர் ஒருவர். அடுத்த கூட்டத்துக்கு முதல் பக்கத்தை எழுதிக் கொண்டு வாருங்கள்.