கடைக்கணக்கும் கைக்கணக்கும்

(சுங்கை செம்பிலாங் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சம்பளக் கோரிக்கையன்று. பழைய மளிகைக் கடை. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அது கண்ணில் நிற்கும். தகரக் கூரை, பலகைக் கதவு, வாசலில் அரிசி மூட்டை, கையில் தூக்கி நிறுக்கும் தாச்சிங் கோல். தகப்பனார் கல்லாவில், மகன் கணக்கில், அம்மாள் உள்ளே மல்லி மிளகாய் வறுப்பதில் என்று குடும்பமே கடையாயிருந்தது. கடல் அருகிலாகையால் கருவாட்டுக்கு மட்டும் என்றும் குறைவில்லை.

அந்தக் கடைக்காரரை நன்றியோடு நினைப்பவரும் நம்மில் உண்டு. வயிறெரிந்து நினைப்பவரும் உண்டு. இரண்டும் நியாயந்தான். காரணம் மழை! விடியற்காலையில் பெய்து பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் அன்றையப் பேரும் இல்லை. இலையுதிர் காலத்திலோ வெட்டினாலும் பால் குறைவு. பிள்ளைகளின் பசி இதையெல்லாம் அறியுமா? அந்த நாட்களில் அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் கொடுத்தது தோட்டத்து ஆபீஸ் அல்ல; கடைக்காரர்தான். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்தோம். வாழைமர நோட்டு செல்லாமற் போனபோது அவர் கல்லாவும் நம் மடிச்சீலையும் ஒன்றாகவே வற்றின.

ஆனால் கொடுத்ததை எழுதியவர் யார்? அட்டையில் ‘555’ என்று அச்சிட்ட அந்தச் சின்ன நோட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பல வீடுகளுக்கு அது ஒன்றே ஒன்று. அதுவும் கடையிலேயே இருந்தது. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. ஒரு கட்டிக்குப் பதினாறு தஹில் என்பது பள்ளிக்கூட வாய்ப்பாடு. கடன் கட்டியில் பதினைந்துதான் என்பது பாட்டிமார் வாய்ப்பாடு. சம்பள நாளில் ஆபீஸ் வாசலுக்கு எதிரே ஒரு கடைக்காரர் நோட்டோடு உட்கார்ந்திருந்ததை எழுத்து வேலை பார்க்கும் நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். வாங்கிய பணம் பத்தடி நடப்பதற்குள் கை மாறும். மீதி எவ்வளவு பாக்கி என்று கேட்கவும் சிலர் கூசுவார்கள். கேட்டால் அடுத்த மழைக்கு அரிசி கிடைக்குமோ என்ற பயம்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வினையன்று. இங்கிலாந்தில் கூலியைப் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று 1831இல் சட்டம் போட வேண்டியிருந்தது. 1844 டிசம்பர் 21ஆம் நாள் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்கள் தாங்களே ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை என்று சில சாமான்களே சரக்கு. சரியான எடை, கலப்படமில்லாத பொருள், ரொக்கம் மட்டும்! கடன் கிடையாது என்பது அவர்களுடைய உறுதி. அதை அப்படியே இங்கே கொண்டுவந்திருந்தால் மழை மாதத்தில் நம் அடுப்பு எரிந்திராது. ஆகவே கடனே கூடாது என்று நாம் உபதேசம் செய்யவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது. 27ஆம் பிரிவின்படி, சம்பள முன்பணத்துக்கு வட்டி பிடிக்கக்கூடாது. 28ஆம் பிரிவின்படி, சில்லறைக் கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக்கூடாது. அந்தக் கடையிலேயே வேலை செய்பவர்களுக்கு மட்டும் விலக்கு. நல்ல பிரிவுகள். ஆனால் இவை கட்டுவது முதலாளியின் கையை. கடைக்காரரின் பேனாவை அல்ல.

இப்போது கித்தா மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிந்தன, கடைக் குடும்பங்களும் பட்டணம் போய்விட்டன. கடன் மட்டும் போகவில்லை. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் நோட்டில் எழுதித்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறோம்: உங்கள் கையில் இன்னொரு நோட்டு இருக்கட்டும். தேதி, சாமான், எடை, விலை நான்கையும் அங்கேயே எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுத வராதவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். மாதக் கடைசியில் இரண்டு நோட்டையும் உரக்கப் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

இன்னொன்று. பெட்டியடியில் தாத்தா, பாட்டி காலத்துக் கடை நோட்டு கிடந்தால் எரித்துவிடாதீர்கள். அரிசி என்ன விலை விற்றது, எந்த மாதம் கடன் ஏறியது என்பதை நம் குடும்பங்களுக்காக எழுதி வைத்த ஏடு வேறு கிடையாது. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். கறையான் அரித்ததானாலும் சரி.